கழுத்து வலிக்குக் கடன் வாங்கலாமா?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், உடல்நலக் குழு சார்பில் ஆற்றிய உரை)



யாழ்முரிநாதர் குடியிருக்கிற இந்தத் தருமபுரத்தில் நின்று பேசக் கிடைத்ததுக்கு நன்றி சொல்லிக்கிறேன். போன வருஷம் சர்க்கரை நோயைப் பற்றிப் பேசினோம். இந்த வருஷம் என்ன பேசலாம்னு குழுக்களிடம் கேட்டப்போ, பாதிப் பேர் சொன்னது கழுத்து வலி. தலையாலே நடந்து கயிலாயம் ஏறிய அம்மையார் பிறந்த ஊரு நம்ம காரைக்கால். அந்த அம்மாவோட கழுத்து எவ்வளவு உறுதியா இருந்திருக்கணும்! நமக்கோ ஒரு மணி நேரம் தையல் மெஷினில் குனிஞ்சா போதும், பிடரியிலிருந்து தோள்பட்டை வரைக்கும் இழுத்துப் பிடிச்சிக்குது.

நான் ரொம்ப வருஷம் நர்ஸா வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அதனால வைத்தியத்தைப் பற்றிக் கேட்கிறவங்க என்கிட்டயும் வர்றாங்க. சமீபமா எல்லாரும் கேட்கிற கேள்வி ஒண்ணுதான். "செல்போன்ல பார்த்தேன் சிஸ்டர், கழுத்தைப் பிடிச்சு ஒரு திருப்பு, படக்குனு ஒரு சத்தம், வலி போயிடுச்சுன்னு அந்தம்மா சிரிக்குது. கைரோபிராக்டிக்காம். நாமளும் போகலாமா?" சில குழுக்களில் இதுக்காக உள்கடன் கேட்டு மனுவே வந்திருக்கு. பணம் குழுவோட பணம். கழுத்து நம்ம கழுத்து. ரெண்டையும் யோசிச்சுத்தான் முடிவு பண்ணணும். அதனால இன்னைக்கு அதையே பேசுறேன்.

முதலில் இந்த வைத்தியம் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் அயோவா மாகாணத்தில் டேவன்போர்ட்னு ஒரு ஊர். அங்கே 1895ஆம் வருஷம் டேனியல் டேவிட் பால்மர் என்பவர் ஆரம்பிச்சு வைத்தது. அவர் டாக்டருக்குப் படிச்சவர் கிடையாது. காந்த சக்தியால் குணப்படுத்துறேன்னு தொழில் பண்ணிக்கிட்டிருந்தார். அந்தக் கட்டடத்தில் துப்புரவு வேலை பார்த்த ஹார்வி லில்லார்டு என்பவருக்குக் காது சரியாக் கேட்காது. அவர் முதுகெலும்பில் ஒரு இடத்தை அழுத்தி நேராக்கினேன், காது கேட்டுச்சுன்னு பால்மர் சொன்னார். முதுகெலும்பு விலகுறதுதான் பெரும்பாலான நோய்க்குக் காரணம், கையால் தள்ளி அதைச் சரி பண்ணலாம்கிறது அவர் கொள்கை. பேருக்கு அர்த்தமே 'கையால் செய்வது'தான். எல்லா நோய்க்கும் முதுகெலும்புதான் காரணம்கிறதை இன்னைக்கு மருத்துவம் ஏத்துக்கலை. ஆனா கழுத்து, இடுப்பு வலிக்கு அந்தக் கைப்பழக்கம் ஓரளவு உதவுதான்னு பலர் முறையா ஆராய்ச்சி பண்ணிப் பார்த்திருக்காங்க. அதைப் பிறகு சொல்றேன்.

இது நமக்கு அவ்வளவு புதுசும் இல்லை. நம்ம ஊரிலும் சுளுக்கு வழிக்கிறவங்க இருக்காங்க. உலக்கையை உருட்டுவாங்க. கால் முன்னே பிறந்தவங்களைக் கூப்பிட்டு மிதிக்கச் சொல்லுவாங்க. காலையில் எழுந்திரிச்சு கழுத்தைத் திருப்ப முடியலைன்னா, "தலகாணியைத் தூக்கி வெயில்ல போடு"ன்னு ஆத்தா சொல்லும். வெயில்ல போடுவோம். ரெண்டு மூணு நாளில் கழுத்து சரியாயிடும். தலகாணிக்குப் பேரு கிடைச்சிடும்.

சிரிக்கிறீங்க. ஆனா இதிலே ஒரு பெரிய விஷயம் இருக்கு. திடீர்னு பிடிச்சுக்கிற கழுத்து, பெரும்பாலும் தானாவே சில நாளில் விட்டுடும். அந்த நேரத்தில் எதைச் செய்தோமோ அதுக்குப் பேரு கிடைக்கும். பழைய வலியும் அப்படித்தான், ஏறும், இறங்கும். நாம வைத்தியரைத் தேடிப் போறது எப்போ? வலி உச்சத்தில் இருக்கும்போது. அதுக்கப்புறம் அது எப்படியும் கொஞ்சம் இறங்கும். அதனால, "பக்கத்து வீட்டுக்கு அஞ்சாவது சிட்டிங்கில் சரியாச்சு"ன்னு கேட்டு மட்டும் முடிவு பண்ண முடியாது. அந்த வைத்தியம் பண்ணாதவங்களுக்கு அதே காலத்தில் எப்படி இருந்ததுன்னு சேர்த்துப் பார்த்தாத்தான் உண்மை தெரியும்.

அடுத்தது அந்தப் படக்குச் சத்தம். எலும்பு போய் இடத்தில் உட்கார்ந்ததுன்னு நினைக்கிறோம். அப்படி இல்லை. மூட்டுக்குள்ளே கொழகொழன்னு ஒரு திரவம் இருக்கு. மூட்டைச் சட்டுனு இழுக்கும்போது அதுக்குள்ளே வாயுக் குமிழி உண்டாகும். அப்போ வர்ற சத்தம்தான் அது. நாம விரலில் சொடக்கு எடுக்கிறோமே, அதே சங்கதி. சொடக்கு எடுத்தா மூட்டுவாதம் வரும்னு அம்மாவும் சித்திமாரும் சொன்னதைச் சோதிக்க, டொனால்டு அங்கர்னு ஒரு அமெரிக்க டாக்டர் ஐம்பது வருஷம் ஒரு கையில் மட்டும் சொடக்கு எடுத்து வந்தார். ரெண்டு கைக்கும் வித்தியாசம் ஒண்ணும் இல்லைன்னு 1998ல் எழுதினார். சத்தத்தால் அவர் கைக்குக் கெடுதலும் வரலை, குணமும் வரலை. கழுத்தில் எலும்பு உண்மையிலேயே இடம் விட்டு விலகியிருந்தா, அது பெரிய ஆபத்து. 

அப்புறம் ஸ்கேன். "தேய்மானம் இருக்குன்னு எழுதிட்டாங்க, சவ்வு பிதுங்கியிருக்காம்"னு பயந்து போய் வர்றாங்க. ஜப்பானில் கழுத்து வலி எதுவுமே இல்லாத 1,211 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தாங்க. 2015ல் அந்த முடிவு வந்தது. நூற்றுக்கு 87 பேருக்கு மேலே கழுத்துச் சவ்வு பிதுங்கித்தான் இருந்தது. இருபது வயசுப் பொண்ணுங்களுக்குக்கூட இருந்தது. வலியே இல்லாதவங்க அவங்க எல்லாம். நமக்குத் தலை நரைக்கிற மாதிரி உள்ளேயும் மாற்றம் வருது. அதனால ஸ்கேன் பேப்பரைக் காட்டி, "இதை நான் நேராக்கித் தர்றேன், இருபது சிட்டிங் ஆகும்"னு யாராவது சொன்னா, பர்ஸைத் திறக்கிறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நில்லுங்க.

சரி, உண்மையிலேயே உதவுதா இல்லையா? ஒளிக்காம சொல்றேன், ஓரளவு உதவுது. அமெரிக்காவில் மினசோட்டாவில் 272 பேரை வைத்து ஒரு ஆராய்ச்சி பண்ணி 2012ல் வெளியிட்டாங்க. மூணு மாசத்துக்குள்ளே வந்த கழுத்து வலிக்காரங்க. மூணு பிரிவாப் பிரிச்சாங்க. ஒரு பிரிவுக்கு மாத்திரை. ஒரு பிரிவுக்கு இந்தக் கைவைத்தியம், பன்னிரண்டு வாரம். இன்னொரு பிரிவுக்கு ஒரு மணி நேர வகுப்பு ரெண்டே ரெண்டு வைத்து, வீட்டில் செய்ய உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்து அனுப்பிட்டாங்க. மாத்திரை சாப்பிட்டவங்களைவிடக் கைவைத்தியம் பண்ணிக்கிட்டவங்களுக்கு வலி நல்லாக் குறைஞ்சது. ஆனா வீட்டில் பயிற்சி செய்தவங்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு குறைஞ்சது. ரெண்டு வகுப்புக்குப் போனவங்களும், வாராவாரம் போய்ப் படுத்து எழுந்தவங்களும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து நின்னாங்க.

மூணு மாசத்துக்கு மேலே நிற்கிற பழைய வலிக்கு? நம்மில் பல பேருக்கு இருக்கிறது அதுதான். 191 பேரை வைத்து அதே மாதிரி 2001ல் ஒரு ஆராய்ச்சி வந்தது. கைவைத்தியம் மட்டும் பண்ணிக்கிட்டவங்களைவிட, உடற்பயிற்சி சேர்ந்த பிரிவுகளில் இருந்தவங்க நல்லா இருந்தாங்க. ரெண்டு வருஷம் கழிச்சுப் பார்த்தப்பவும் பயிற்சி பக்கமே நல்லது தெரிஞ்சது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது பின்லாந்து ஆராய்ச்சி. அதில் இருந்த 180 பேரும் பெண்கள். அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவங்க, நாள்பட்ட கழுத்து வலிக்காரங்க. 2003ல் வெளிவந்தது. ஒரு பிரிவு ரப்பர் பட்டையும் சின்ன எடைக்கட்டையும் வைத்துக் கழுத்துக்கும் தோளுக்கும் பலம் ஏற்றுற பயிற்சி. ஒரு பிரிவு லேசான பயிற்சி. ஒரு பிரிவுக்கு நடை, நீட்டி மடக்குறது மட்டும். முதலில் கொஞ்ச நாள் சொல்லிக் கொடுத்தாங்க, பிறகு வாரத்துக்கு மூணு நாள் வீட்டிலேயே செய்யச் சொன்னாங்க. ஒரு வருஷம் கழிச்சு, பலம் ஏற்றினவங்களில் நூற்றுக்கு 73 பேர் வலி நல்லாக் குறைஞ்சது அல்லது போயே போச்சுன்னு சொன்னாங்க. லேசான பயிற்சிப் பிரிவில் 59 பேர். நீட்டி மடக்கினவங்களில் 21 பேர்தான். நோவுற கழுத்தை அசைக்காம வைக்கணும்னு நம்மில் பலர் நினைக்கிறோம். அந்தப் பெண்களுக்கு நல்லது பண்ணினது கழுத்துக்குக் கொடுத்த வேலைதான்.

இனி ஆபத்தைப் பற்றி. பயமுறுத்தணும்னு சொல்லலை, தெரிஞ்சு வைத்துக்கணும். கழுத்தில் ஏழு எலும்பு. அதில் மேலே உள்ள ஆறு எலும்பின் பக்கவாட்டில் ஓட்டை இருக்கு. ஊசியில் நூல் கோத்த மாதிரி அந்த ஓட்டைகள் வழியா, வலது பக்கம் ஒண்ணு இடது பக்கம் ஒண்ணுன்னு, ரெண்டு ரத்தக் குழாய் மூளைக்குப் போகுது. மேலே போனதும் ஒரு வளைவு எடுத்து மண்டைக்குள்ளே நுழையும். தலையைச் சடக்குனு முறுக்கும்போது, அந்தக் குழாயின் உள்சுவர் கிழியலாம். கிழிஞ்ச இடத்தில் ரத்தம் கட்டி, மூளைக்குப் போய் அடைச்சா பக்கவாதம். இது அபூர்வம்தான். ஆனா வந்தா உயிருக்கே ஆபத்து. அமெரிக்காவில் கேட்டி மேன்னு ஒரு மாடல், 2016ல் கழுத்தைத் திருப்பி வைத்தியம் பண்ணிக்கிட்ட பிறகு பக்கவாதம் வந்து இறந்துபோனாங்க. அந்தத் திருப்பலில் ரத்தக் குழாய் கிழிஞ்சதுதான் காரணம்னு அங்கே பிணப் பரிசோதனை அதிகாரி எழுதினார். நம்ம பக்கத்திலும் உண்டு. கர்நாடகத்தில் பெல்லாரியில் 2024ல், சலூனில் தலைக்கு மசாஜ் பண்ணி கழுத்தைத் திருப்பிவிட்ட பிறகு ஒரு இளைஞருக்குப் பக்கவாதம் வந்ததாச் செய்தி வந்தது.

நியாயமா இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தில் இப்படிப்பட்ட 818 பக்கவாதங்களை ஆராய்ந்து 2008ல் எழுதினாங்க. கைரோபிராக்டரிடம் போனவங்களுக்கு இருந்த அதே மாதிரித் தொடர்பு, சாதாரண டாக்டரிடம் போனவங்களுக்கும் இருந்தது. எப்படின்னா, ரத்தக் குழாய் தானாகவே கிழிய ஆரம்பிச்சாலும் முதலில் வர்றது கழுத்து வலியும் தலைவலியும்தான். அந்த வலிக்காகத்தான் அவங்க வைத்தியம் தேடிப் போயிருக்கலாம். இதைக் கேட்டு, "அப்போ திருப்பினாத் தப்பில்லை"ன்னு எடுத்துக்காதீங்க. ஏற்கெனவே கிழிய ஆரம்பிச்ச கழுத்தை ஒருத்தர் முறுக்கினா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. முதலில் சரியாச் சோதிக்கணும்கிறதுதான் இதில் நமக்குப் பாடம்.

நம்ம காரைக்காலில் இன்னொரு பேச்சு உண்டு. "பிரான்சில் இருக்கிற எங்க அக்கா இதுக்குத்தான் போறாங்க, அங்கே அரசாங்கமே ஒத்துக்கிட்ட வைத்தியம்." உண்மைதான். பிரான்சில் 2002ஆம் வருஷச் சட்டம் கைரோபிராக்டர், ஆஸ்டியோபாத் ரெண்டு தொழிலையும் அங்கீகரிச்சிருக்கு. ஆஸ்டியோபாத்தும் கையால் எலும்பையும் தசையையும் பார்க்கிற வைத்தியர்தான். ஆனா 2007ல் அங்கே ஒரு ஆணை போட்டாங்க. டாக்டர் பார்த்து, 'இவருக்குச் செய்யலாம், தடையில்லை'ன்னு சான்று கொடுத்த பிறகுதான் ஆஸ்டியோபாத் கழுத்தை அப்படிக் கையாளலாம். அங்கேயே அவ்வளவு எச்சரிக்கை. இங்கே நம்ம நாட்டில் டாக்டருக்கு, நர்ஸுக்கு எல்லாம் பதிவு மன்றம் இருக்கு. பிசியோதெரபிஸ்டுகள் 2021ல் வந்த சட்டத்துக்குள்ளே வர்றாங்க. கைரோபிராக்டிக்குன்னு தனிப் பதிவு மன்றம் கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 2005ல் சொன்ன கணக்குப்படி முழுப் படிப்புக்கு 4,200 மணி நேரம் வகுப்பு வேணும். இங்கே போர்டு மாட்டியிருக்கிறவர் அப்படிப் படிச்சவரா, பத்து நாள் பயிற்சிக்குப் போய் வந்தவரா என்பதை நாமதான் கேட்டுத் தெரிஞ்சுக்கணும்.

இப்போ பணக் கணக்குக்கு வர்றேன். நம்ம கூட்டத்தில் கணக்குத்தானே முக்கியம். ஒரு சிட்டிங் ஆயிரம் ரூபாய், பத்து சிட்டிங்குன்னு வைத்துக்கோங்க. பத்தாயிரம் உள்கடன். மாசம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, மாசம் ஆயிரமா அசல் திருப்புறீங்க. பத்து மாசத்தில் வட்டி 550 ரூபாய். மொத்தம் 10,550. நூறு நாள் வேலையில் 2024-25ல் புதுச்சேரிக்கு நிர்ணயித்த கூலி ஒரு நாளைக்கு 319 ரூபாய். அப்படிப் பார்த்தா முப்பத்து மூணு நாள் கூலி. பஸ் செலவு தனி, போற அன்னைக்கு இழக்கிற கூலி தனி. அந்தப் பத்து சிட்டிங் முடிஞ்ச பிறகு கழுத்தில் பலம் ஏறியிருக்காது. பயிற்சி செய்யலைன்னா வலி திரும்ப வரலாம், அப்புறம் இன்னொரு பத்து.

அதனால கடனே கொடுக்காதீங்கன்னு நான் சொல்ல வரலை. வலியில் இருக்கிற பெண்ணை, "இது தேவையா உனக்கு"ன்னு கூட்டத்தில் வைத்துக் கேட்கிறது பெரிய பாவம். கழுத்து வலி கண்ணுக்குத் தெரியாது. காய்ச்சல்னா நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாங்க, வீட்டில் அடுப்பு வேலைக்கு ஆள் வருவாங்க. கழுத்து வலின்னா, "எப்பப் பார்த்தாலும் ஏதாவது சொல்லு"ம்பாங்க. அந்தப் பேச்சைத் தாங்க முடியாமத்தான் பல பேர் கடன் வாங்கியாவது தீர்த்துக்கலாம்னு ஓடுறாங்க. அவங்களுக்கு நாம தர வேண்டியது நல்ல வழி. உடல்நலக் குழு யோசிச்சு ஒரு வரிசை சொல்லுது. பிடிச்சா ஒவ்வொரு குழுவும் தீர்மானமாப் போட்டுக்கலாம்.

முதலில், சிகிச்சைக் கடன் கேட்கிறதுக்கு முன்னாடி அரசு பொது மருத்துவமனையில் எலும்பு டாக்டரிடம் ஒரு தடவை காட்டணும். பிசியோதெரபி எழுதித் தரச் சொல்லிக் கேட்கணும். கேட்கக் கூச்சப்படாதீங்க. குழுவில் ஒருத்தர் கூடப் போகலாம்.

ரெண்டாவது, ஆறு வாரத்திலிருந்து எட்டு வாரம் பயிற்சி செய்து பார்க்கணும். தினமும் வலி எவ்வளவுன்னு பத்துக்கு மார்க் போட்டு ஒரு நோட்டில் எழுதுங்க. சேமிப்பு எழுதுறோம் இல்லையா, அதே மாதிரி. மனசுக்குப் படுறதைவிட நோட்டு உண்மை சொல்லும்.

மூணாவது, அதுக்கப்புறமும் கைவைத்தியம் வேணும்னா, அஞ்சு கேள்வி கேட்டுட்டுப் போங்க. நீங்க என்ன படிச்சிருக்கீங்க, எங்கே பதிவு? தொடுறதுக்கு முன்னாடி பிரஷர் பார்த்து, கை கால் பலம் சோதிச்சு, பழைய நோய் எல்லாம் கேட்பீங்களா? கழுத்தைச் சடக்குனு திருப்பாம மெதுவா அசைச்சுச் செய்வீங்களா? வீட்டில் செய்யப் பயிற்சி சொல்லித் தருவீங்களா? எத்தனை தடவைக்குள்ளே தெரியலைன்னா நிறுத்திடலாம்? இதில் மூணாவது கேள்வி முக்கியம். மெதுவா அசைச்சுச் செய்யறதும், சடக்குனு திருப்புறதும் கழுத்து வலிக்கு ஏறக்குறைய ஒரே பலன்தான் தருதுன்னு பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்லியிருக்காங்க. ஒரே பலன்னா, முறுக்குற ஆபத்து நமக்கு எதுக்கு? "வேண்டாம், திருப்பாதீங்க"ன்னு சொல்ல நமக்கு உரிமை இருக்கு. பேக்கேஜுக்கு மொத்தமாப் பணம் கட்டாதீங்க. ஒவ்வொரு தடவையும் கட்டுங்க. நாலு தடவையில் நோட்டில் மார்க் இறங்கலைன்னா நிறுத்திடுங்க.

சிலர் கழுத்தை யார் கையிலும் திருப்பக் கொடுக்கவே கூடாது. எலும்பு மெலிஞ்சவங்க, அதிலும் மாதவிலக்கு நின்ன பிறகு லேசா விழுந்ததிலேயே எலும்பு முறிஞ்சவங்க, முடக்குவாதம் உள்ளவங்க, முதுகெலும்பில் காசநோய் வந்தவங்க, புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்தவங்க, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க, ஏற்கெனவே பக்கவாதம் வந்தவங்க. இவங்க எல்லாம் டாக்டரைக் கேட்காம யாரிடமும் போகாதீங்க. சலூனிலும் சரி, சுளுக்கு வழிக்கிறவரிடமும் சரி.

சில அறிகுறி வந்தா வைத்தியம் தேடி அலையாம நேரா ஆஸ்பத்திரிக்குப் போகணும். கையில் பலம் குறைஞ்சு பாத்திரம் நழுவுது, பித்தான் போட வரலை, நடக்கும்போது தள்ளாடுது, சிறுநீர் கட்டுப்பாடு போகுது, காய்ச்சலோ உடம்பு இளைக்கிறதோ சேர்ந்திருக்கு, விழுந்த பிறகு வந்த வலி, ராத்திரி தூங்கவே விடாத வலி. இதில் எது இருந்தாலும் தள்ளிப் போடாதீங்க. அதைவிட அவசரம் ஒண்ணு இருக்கு. இதுவரைக்கும் வராத மாதிரி திடீர்னு கடுமையான கழுத்து வலி, தலைவலி. கூடவே தலைசுற்றல், பொருள் ரெண்டாத் தெரியறது, பேச்சுக் குழறல், முழுங்க முடியாமை, முகமோ கையோ ஒரு பக்கம் மரத்துப் போறது. உடனே 108க்குப் போன் பண்ணுங்க. கட்டியைக் கரைக்கிற ஊசி நாலரை மணி நேரத்துக்குள்ளே போடணும். "கொஞ்ச நேரம் படுத்துப் பார்க்கிறேன்"னு சொல்லக் கூடாது. கழுத்தைத் திருப்பி வைத்தியம் பண்ணி நாலஞ்சு நாள் கழிச்சு இப்படி வந்தாலும், பண்ணிக்கிட்டதை டாக்டரிடம் மறைக்காம சொல்லணும். கழுத்தோட நெஞ்சு, தாடை, இடது கை வலியும் வியர்வையும் சேர்ந்தா அது இதயமா இருக்கலாம். அதுக்கும் 108தான்.

இப்போ பயிற்சி. எல்லாரும் நிமிர்ந்து உட்காருங்க. படிக்கிறவங்களும் புத்தகத்தை மடியில் வைத்துட்டுச் செய்யலாம். முதல் பயிற்சி, மோவாயை நேரே பின்னுக்கு இழுங்க. குனியக் கூடாது, அண்ணாரவும் கூடாது. ரெட்டைத் தாடை விழுற மாதிரி இருக்கும், பரவாயில்லை, இங்கே யாரும் போட்டோ எடுக்கலை. அஞ்சு எண்ணி விடுங்க. பத்துத் தடவை. ரெண்டாவது, உள்ளங்கையை நெற்றியில் வைத்து, தலையால் கையைத் தள்ளுங்க. கை விட்டுக் கொடுக்காம நிற்கணும், தலை அசையக் கூடாது. அஞ்சு எண்ணுங்க. அதே மாதிரி பிடரியில், வலது பக்கம், இடது பக்கம். ஒவ்வொரு பக்கமும் அஞ்சு தடவை. மூணாவது, ரெண்டு தோள்பட்டைச் சப்பையையும் பின்னாடி சேர்த்து இறுக்கி விடுங்க, பத்துத் தடவை. நாலாவது, அரை லிட்டர் தண்ணி பாட்டில் கைக்கு ஒண்ணு. கையைத் தொங்கவிட்டுத் தோளை மட்டும் காதுப் பக்கம் தூக்கி, மெதுவா இறக்குங்க, பத்துத் தடவை. ரெண்டு வாரம் போனா ஒரு லிட்டர் பாட்டில், அதாவது ஒரு கிலோ. பிறகு இன்னும் கொஞ்சம். கனம் ஏறினாத்தான் பலம் ஏறும். முதலில் லேசா உடம்பு வலிக்கும், அது சகஜம். கைக்கு மின்னல் மாதிரி வலி இறங்கினாலோ தலை சுற்றினாலோ நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க.

வேலையிலும் கொஞ்சம் மாற்றணும். மெஷினில் தைக்கிறவங்க இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து தோளைச் சுழற்றுங்க. முக்காலி உயரத்தைச் சரி பண்ணுங்க, கண்ணுக்கு வெளிச்சம் வரட்டும். நடவு, களைன்னு குனிஞ்சு வேலை செய்யறவங்க, ஒரு வரிசை முடிஞ்சதும் நிமிர்ந்து மோவாயை உள்ளே இழுத்து விடுங்க. மீன் கூடை சுமக்கிறவங்க, ஒரே நடையில் கொண்டு போறதை முடிஞ்சா ரெண்டு நடையா ஆக்குங்க. சும்மாடு நல்லா அகலமா இருக்கட்டும். தூக்கும்போது, இறக்கும்போது இன்னொரு கை வேணும்னு கேளுங்க. செல்போனை மடியில் வைத்துப் பார்க்காம முகத்துக்கு நேரே தூக்கிப் பாருங்க. வலி அதிகமான அன்னைக்கு உப்பு ஒத்தடம் கொடுங்க, இதம் தரும். தலகாணியை வெயில்ல போடுறதையும் நிறுத்த வேண்டாம், மூட்டைப்பூச்சியாவது போகும்.

கவலையும் தூக்கமின்மையும் வலியைக் கூட்டும். கடன் தவணை நெருங்கும்போது கழுத்து அதிகமா இறுக்குதுன்னு ஒரு தங்கச்சி சொன்னாங்க. அது கற்பனை இல்லை, உடம்பு அப்படித்தான் வேலை செய்யுது. அந்தக் கவலையைக் குழுவில் வாய்விட்டுச் சொல்றதும் ஒரு வைத்தியம்தான்.

தனியா வீட்டில் பயிற்சி செய்யறது கஷ்டம். நாலு நாள் செய்வோம், அஞ்சாவது நாள் விருந்தாளி வந்தா விட்டுடுவோம். நம்மகிட்ட குழு இருக்கு. வாராந்திரக் கூட்டத்தில் சேமிப்பு வசூல் பண்ணுறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் எல்லாரும் சேர்ந்து இந்த நாலு பயிற்சியையும் செய்யலாம். மற்ற ரெண்டு நாள் அவரவர் வீட்டில். வந்தாங்களா, செய்தாங்களான்னு வருகைப் பதிவேட்டிலேயே ஒரு கட்டம் போட்டுக்கலாம். பின்லாந்தில் அந்தப் பெண்கள் ஒரு வருஷம் செய்தாங்க. வாரம் தவறாம பத்து ரூபாய், இருபது ரூபாய்னு சேர்த்து இவ்வளவு பெரிய கூட்டமைப்பை உண்டாக்கின நமக்கு, வாரத்துக்கு மூணு நாள் பத்து நிமிஷம் சேர்க்க முடியாதா?

அடுத்த ஆண்டு விழாவில் ஒவ்வொரு குழுவின் ஊக்குநரும் அந்த வலி நோட்டுகளைக் கொண்டு வரணும்னு உடல்நலக் குழு சார்பில் கேட்டுக்கிறேன். யாருக்கு இறங்கியிருக்கு, யாருக்கு இறங்கலைன்னு சேர்ந்து பார்ப்போம். இறங்காதவங்களை டாக்டரிடம் கூட்டிப் போவோம்.  மதிய சாப்பாடு தயாரா இருக்குன்னு சொல்றாங்க, பந்தியில் குனிஞ்சே உட்காராதீங்க.